கணிப்பொறிக்குள் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர்

நம் சங்க நூலகத்தின் மூலையில் துணி போர்த்தி வைத்திருந்த பழைய கம்ப்யூட்டரை உறுப்பினர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒருநாள் மாலை அது 'டப்' என்ற சத்தத்துடன் நின்றுபோனது. 1996-இல் வாங்கியது. அதில் ஓடியது ஒரே ஒரு டாஸ் புரோகிராம். நூலகப் பட்டியல், உறுப்பினர் முகவரிகள், இதழ் அனுப்ப முகவரிச் சீட்டு அச்சிடுவது எல்லாம் அதில்தான். எழுதிக் கொடுத்த அன்பர் இப்போது நம்மிடையே இல்லை.

"தூக்கிப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் எக்ஸெல்லில் ஏற்றிக்கொள்ளலாமே" என்று செயற்குழுவில் ஒரு பேச்சு வந்தது. சிக்கலே அங்கேதான். யூனிகோடு நம் பழக்கத்துக்கு வராத காலத்தில் எழுதிய புரோகிராம் அது. தமிழ் எழுத்துக்கு அப்போது ஆளாளுக்கு ஒரு குறியீடு. 'க'வுக்கு என்ன எண், கொம்புக்கு என்ன எண், காலுக்கு என்ன எண் என்பது எழுதியவர் தலையில் இருந்தது. பிறகு புரோகிராமுக்குள் போனது. வேறெங்கும் குறித்து வைக்கவில்லை. புரோகிராம் ஓடாவிட்டால் நாலாயிரத்துச் சொச்சம் புத்தகங்களின் பெயர்களும் படிக்க முடியாத கிறுக்கல்தான்.

நல்ல வேளையாக ஹார்ட் டிஸ்க் பிழைத்திருந்தது. அதை முழுசாக ஒரே கோப்பாகப் பிரதியெடுத்து, என் வீட்டு லினக்ஸ் கம்ப்யூட்டருக்குள் ஒரு 'மெய்நிகர்' கம்ப்யூட்டரை உண்டாக்கி அதில் ஏற்றினேன். பழைய நீலத் திரை அப்படியே எழுந்து வந்தது. மகிழ்ச்சியோடு 'அச்சிடு' என்ற விசையைத் தட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. இந்தக் கட்டுரை அந்த இடத்தில் பிறந்தது.

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் தென் மத்திய ரயில்வேயில் சிக்னல், தொலைத்தொடர்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். படிப்பு டிப்ளமா. கம்ப்யூட்டர் நான் கற்ற தொழில் அல்ல. ஆனால் 'டிவைஸ் டிரைவர்' என்ற சமாச்சாரத்தைப் படிக்கப் படிக்க, இது நாம் தார்நாக்கா பயிற்சி நிலையத்தில் படித்த பாடமாயிற்றே என்று தோன்றியது. (ரயில்வேயில் எஞ்சின் டிரைவர் இப்போது லோகோ பைலட் ஆகிவிட்டார். ஆகவே 'டிரைவர்' என்ற சொல்லைக் குழப்பமில்லாமல் கம்ப்யூட்டருக்கே கொடுத்துவிடலாம்.)

முதலில் அடிப்படை. கம்ப்யூட்டரில் ஓடும் புரோகிராம்கள் எதுவும் பிரிண்டரையோ, டிஸ்க்கையோ, நெட்வொர்க் கார்டையோ நேரே தொடக்கூடாது. இயக்க அமைப்பின் உட்கருவான கெர்னல்தான் தொடும். கெர்னலுக்குள் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு. அவர்தான் டிரைவர். ஒரு கம்ப்யூட்டரில் ஒரு இயக்க அமைப்பு இருக்கும்வரை இந்த ஏற்பாட்டில் குழப்பமில்லை.

மெய்நிகர் கம்ப்யூட்டர் வந்ததும் குழப்பம் வருகிறது. உள்ளே குடியிருக்கும் இயக்க அமைப்பை விருந்தாளி என்போம், வெளியே இருப்பதை வீட்டுக்காரர் என்போம். விருந்தாளிக்கும் சொந்தக் கெர்னல், சொந்த டிரைவர் எல்லாம் உண்டு. தான் விருந்தாளி என்றே அவருக்குத் தெரியாது. வீட்டிலுள்ள சாமான் அத்தனையும் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டு கை நீட்டுவார். ஒரே கருவிக்கு இரண்டு முதலாளிகள். ஒற்றைப் பாதையில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் என்று எனக்கு உடனே கண்ணில் பட்டது.

இந்த யோசனை புதிதல்ல. ஐ.பி.எம். நிறுவனம் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் ஊரில் 1960-களிலேயே இதைச் செய்து பார்த்து, 1972-இல் வி.எம்./370 என்ற பெயரில் வெளியிட்டது. அதில் உட்கார்ந்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஒரு கார்டு ரீடர், ஒரு கார்டு பஞ்ச், ஒரு பிரிண்டர் இருப்பதுபோல் காட்டியது. உண்மையில் இருந்தது எல்லோருக்கும் பொதுவான ஒன்றோ இரண்டோதான். பெரிய டிஸ்க்கைச் சிலிண்டர் சிலிண்டராகப் பங்கிட்டு, ஆளுக்கொரு குட்டி டிஸ்க் என்று கொடுத்தார்கள். ஒருவர் தன் பாவனைப் பஞ்சில் கார்டு போட்டால் இன்னொருவரின் பாவனை ரீடரில் போய் விழும். நடுவில் ஒரு காகித அட்டைகூடக் கிடையாது. நம் மேசைமேல் உள்ள சாதாரண கம்ப்யூட்டர்களின் பிராசஸர்களுக்கு இந்த வசதி சிப்பிலேயே வந்தது 2005, 2006-இல்தான். லினக்ஸ் கெர்னலில் கேவிஎம் என்ற பகுதி சேர்ந்தது 2007 பிப்ரவரியில்.

இப்போது என் பிரிண்டருக்கு வருகிறேன். சீரியல் போர்ட் வழியாக ஓடும் டாட் மேட்ரிக்ஸ். டாஸ் காலத்து முதல் சீரியல் போர்ட்டுக்கு 1016 முதல் 1023 வரை எட்டு முகவரிகள். 1016-இல் ஓர் எழுத்தைப் போட்டால் அது கம்பியில் போகும். போடுமுன் 1021-ஐப் படித்துப் பார்க்க வேண்டும். அங்கே 32 என்ற மதிப்புள்ள பிட் ஏறியிருந்தால் 'அடுத்ததைப் போடலாம்' என்று அர்த்தம். இறங்கியிருந்தால் காத்திருக்க வேண்டும். நம் பழைய புரோகிராம் இதை மட்டும்தான் செய்கிறது, 1021-ஐப் பார், 1016-இல் போடு, மறுபடி பார்.

விருந்தாளிக்குள் ஓடும் அந்தப் புரோகிராம் 1016-ஐத் தொட்ட மாத்திரத்தில் பிராசஸர் விருந்தாளியை நிறுத்தி வைத்துவிட்டு வீட்டுக்காரரை எழுப்புகிறது. கேவிஎம் அதை வாங்கி, க்யூஎமு என்ற புரோகிராமிடம் தருகிறது. க்யூஎமு தன்னை 16550 என்ற சீரியல் சிப்பாகப் பாவித்துக்கொண்டு பதில் சொல்கிறது. எழுத்தை வாங்கி உண்மையான போர்ட்டுக்கு அனுப்புகிறது. 1021-ஐக் கேட்டால் 32-ஐ ஏற்றிக் காட்டுகிறது. விருந்தாளி மறுபடி ஓடத் தொடங்குகிறார். நடுவில் தன்னை நிறுத்தியது அவருக்குத் தெரியாது.

எனக்கு அச்சாகாததன் காரணம், பாவனைப் போர்ட்டின் மறுமுனையை நான் எதிலும் இணைத்திருக்கவில்லை. பார்க் லேன் செனாய் டிரேட் சென்டரில் யூ.எஸ்.பி.யிலிருந்து சீரியலுக்கு மாற்றும் கம்பி ஒன்று வாங்கி வந்து இணைத்தேன். பாதிப் பக்கம் அச்சாகிப் பிறகு எழுத்துகள் விழுங்கப்பட்டன. மூன்று மணி நேரம் மென்பொருளைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் 'நான் வேலையாய் இருக்கிறேன், பொறு' என்று பிரிண்டர் சொல்லும் கம்பியை, கேபிளைப் பற்றவைத்த நானே இணைக்காமல் விட்டிருக்கிறேன். முப்பத்தைந்து வருடம் சிக்னலில் இருந்தவன் என்று வெளியே சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஹைடெக் சிட்டியில் வேலை பார்க்கும் என் மருமகளிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவள் இதே டிரைவர் துறைதான்.

"மாமா, உங்க பிரிண்டருக்கு இது போதும். ஒரு வினாடிக்கு எத்தனை எழுத்து போகுது?"

"9600 வேகம். வினாடிக்கு 960."

"நாங்க பார்க்கிற நெட்வொர்க் கார்டுல சின்னப் பாக்கெட்டா வந்தா வினாடிக்கு ஒரு கோடியே 48 லட்சம் வரும். ஒவ்வொண்ணுக்கும் விருந்தாளியை நிறுத்தி எழுப்பினா என்ன ஆகும்?"

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒருமுறை நிறுத்தி எழுப்ப ஒரு மைக்ரோ வினாடி என்று தாராளமாக வைத்தாலும், ஒரு வினாடியின் வேலைக்குப் பதினைந்து வினாடி பிடிக்கும். (அவள் சொன்னது 10 கிகாபிட் கார்டு. இப்போது அதைவிட வேகமானவை சாதாரணம்.) ஆக, எல்லாவற்றையும் பிடித்துப் பிடித்துப் பார்க்கும் காவல்காரர் வேகமான கருவிக்கு உதவ மாட்டார். ஆனால் பிடிக்காமல் விட்டால் பாதுகாப்பு என்ன ஆவது?

ஒரு வழி, விருந்தாளியிடம் உண்மையைச் சொல்லிவிடுவது. 'ஐயா, நீங்கள் விருந்தாளிதான். பழைய சிப் என்று நடிக்க வேண்டாம். இருவருக்கும் பொதுவான நினைவகத்தில் ஒரு வளையப் பட்டியல் வைத்துக்கொள்வோம். அனுப்ப வேண்டியதையெல்லாம் அதில் அடுக்கிவிட்டு ஒரே ஒரு முறை கதவைத் தட்டுங்கள்.' பார்சல் வேனில் மூட்டைகளை நிரப்பிவிட்டு ஒரு விசில் கொடுப்பது மாதிரி. ஆஸ்திரேலியரான ரஸ்டி ரஸ்ஸல் 2007-இல் கொண்டுவந்த விர்ட்-ஐஓ என்ற முறை இதுதான். 2008 ஜனவரியில் வந்த 2.6.24 கெர்னலிலிருந்து லினக்ஸில் இருக்கிறது. இன்று வாடகைக்கு விடும் 'கிளவுட்' கம்ப்யூட்டர்களில் மிகப் பல இந்த முறையை நம்பித்தான் ஓடுகின்றன. ஆனாலும் மூட்டையை வீட்டுக்காரர் ஒருமுறை கையில் வாங்கித்தான் ஏற்ற வேண்டும்.

அடுத்த வழி, கருவியையே விருந்தாளியிடம் ஒப்படைத்துவிடுவது. இங்கேதான் ஆபத்து இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

வேகமான கருவிகள் பிராசஸரைத் தொந்தரவு செய்யாமல் தாமாகவே நினைவகத்தில் எழுதும். அதற்கு டி.எம்.ஏ. என்று பெயர். டிரைவர் 'வரும் பாக்கெட்டை இந்த முகவரியில் வை' என்று சொல்லிவிட்டால் போதும், கார்டு வைத்துவிடும். விருந்தாளியின் டிரைவரும் அப்படித்தான் சொல்வார். ஆனால் அவர் சொல்லும் முகவரி அவருடைய கற்பனை வீட்டின் முகவரி. அவர் தன் நினைவகம் பூஜ்யத்தில் தொடங்குகிறது என்று நினைப்பவர். உண்மையான கம்ப்யூட்டரில் அந்த எண்ணில் வேறு யாராவது இருப்பார்கள். இன்னொரு விருந்தாளியாக இருக்கலாம், வீட்டுக்காரரின் கெர்னலாகவே இருக்கலாம். கார்டுக்கு இதெல்லாம் தெரியாது. சொன்ன இடத்தில் எழுதிவிட்டுப் போய்விடும். விருந்தாளி கெட்ட எண்ணம் உள்ளவராக இருந்தால் வேண்டுமென்றே அடுத்தவர் வீட்டு முகவரியைச் சொல்லலாம்.

இதைத் தடுக்கக் கருவிக்கும் நினைவகத்துக்கும் நடுவே ஓர் அமைப்பு உண்டு. ஐ.ஓ.எம்.எம்.யூ. என்பார்கள். ஒவ்வொரு விருந்தாளிக்கும் அதில் ஒரு அட்டவணை. அவர் சொல்லும் முகவரியை உண்மையான முகவரியாக மாற்றிக் கொடுக்கும். அட்டவணையில் இல்லாத முகவரி வந்தால் வண்டியை உள்ளே விடாது.

நீல்ஸ் பால் டோக்கன் கருவியைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒற்றைப் பாதையில் அடுத்தடுத்த இரண்டு ஸ்டேஷன்களிலும் ஆளுக்கொரு கருவி, நடுவே மின்கம்பி. இரண்டு ஸ்டேஷன் மாஸ்டர்களும் ஒத்துழைத்தால்தான் ஒரு பந்து வெளியே வரும். ஒரு பந்து வெளியே இருக்கும்வரை இரண்டு கருவியிலும் அடுத்த பந்து வராது. அந்த இரும்புப் பந்தைக் கையில் வைத்திருக்கும் வண்டிதான் அந்தப் பாதையில் போகலாம். இன்னொரு நுட்பம், பக்கத்துப் பிரிவின் பந்தை இந்தக் கருவியில் போட முடியாது. பந்தின் அமைப்பு பிரிவுக்குப் பிரிவு வேறு. தூக்கக் கலக்கத்தில் மாற்றிப் போட்டாலும் உள்ளே போகாது. ஒரு விருந்தாளியின் முகவரி இன்னொருவர் அட்டவணையில் செல்லாது என்பதும் இதே ஏற்பாடு.

லினக்ஸில் இந்த ஒப்படைப்பைச் செய்யும் பகுதி வி.எஃப்.ஐ.ஓ. 2012-இல் 3.6 கெர்னலில் சேர்ந்தது. இதில் ஒரு கறாரான விதி: ஒன்றையொன்று தடுத்துப் பிரிக்க முடியாத கருவிகள் ஒரே கூட்டம். கூட்டத்தில் ஒன்றை மட்டும் விருந்தாளிக்குக் கொடுத்துவிட்டு மற்றதை வீட்டுக்காரர் வைத்துக்கொண்டு ஓட்ட முடியாது. என் கம்ப்யூட்டரில் ஒரு நெட்வொர்க் கார்டும் யூ.எஸ்.பி. கன்ட்ரோலரும் ஒரே கூட்டத்தில் இருந்தன. கார்டை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றிய பிறகே வேலை நடந்தது.

ஆனால் ஒப்படைத்துவிட்டால் அந்தக் கருவி ஒரே ஒருவருக்குத்தான். இருபது விருந்தாளிக்கு இருபது கார்டா? கார்டு செய்பவர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஒரே கார்டு பல குட்டிக் கார்டுகளாகத் தன்னையே பிரித்துக் காட்டும். எஸ்.ஆர்.ஐ.ஓ.வி. என்ற இந்தத் தரம் 2007-இல் வந்தது. இதில் பங்கிடும் வேலையைச் சிப்பே செய்கிறது. சிப்பில் அந்த வசதி இல்லாவிட்டால்?

இந்தக் கேள்விக்கான பதில்தான் எனக்கு மிகவும் பிடித்தது. 2017 பிப்ரவரியில் வந்த 4.10 கெர்னலில் 'எம்-டெவ்' என்று ஒரு அமைப்பைச் சேர்த்தார்கள். 'நடுவர் வழியாகப் பகிரும் கருவி' என்று தமிழில் சொல்லலாம். அந்த மூலநிரலின் தலைப்பில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன, என்விடியாவின் நியோ ஜியா, கிர்த்தி வாங்கடே. (வாங்கடே என்றதும் மும்பை கிரிக்கெட் மைதானம் நினைவுக்கு வந்து எனக்கு ஒரு சந்தோஷம்.) இதற்கு மூன்று வருடம் முன்பே, 2014-இல், இன்டெல் ஆராய்ச்சியாளர்கள் ஒரு கிராபிக்ஸ் சிப்பை இதே தத்துவத்தில் ஏழு விருந்தாளிகளுக்குப் பங்கிட்டுக் காட்டியிருந்தார்கள். வேகத்தில் அசலுக்கு 95 சதவீதம் வரை நெருங்கியது.

தத்துவம் என்ன? கருவியோடு நடக்கும் பேச்சை இரண்டாகப் பிரிக்கிறார்கள். கருவியின் நிலையையே மாற்றும் கட்டளைகள் ஒரு வகை: முகவரி அட்டவணையை அமை, அதைத் திருத்து, நிறுத்து, மறுபடி தொடங்கு. இவை அபூர்வமாக வருபவை, ஆனால் தப்பாகப் போனால் எல்லோருக்கும் ஆபத்து. இவற்றை வீட்டுக்காரரின் டிரைவர் ஒவ்வொன்றாகப் பிடித்து, சரிபார்த்து, தானே செய்வார். படத்தை வரை, தரவை நகர்த்து என்பது இன்னொரு வகை. வினாடிக்கு லட்சக்கணக்கில் வரும், ஆனால் எல்லை வகுத்துவிட்டால் அந்த எல்லைக்குள் தீங்கில்லை. இவற்றை யாரும் நிறுத்துவதில்லை. ரயில்வேயில் நாம் பார்த்ததும் இதுதானே? பாயின்ட்டும் சிக்னலும் ஸ்டேஷன் மாஸ்டர் கையில். வண்டி ஓடுவது ஓட்டுபவர் கையில். ஒவ்வொரு மைலுக்கும் ஸ்டேஷன் மாஸ்டரிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தால் சார்மினார் எக்ஸ்பிரஸ் சென்னை போய்ச் சேராது. ஓட்டுபவரே பாயின்ட்டையும் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால் அதுவும் போய்ச் சேராது.

ஆக, டிரைவர் எழுதுபவரின் முதல் வேலை, தன் கருவியின் ஒவ்வொரு முகவரியும் எந்த வகை என்று முடிவு செய்வது. மருமகள் சொன்னாள், அவர்கள் ஆபீசில் விவாதம் நீளுவது இந்த இடத்தில்தானாம். ஒரு முகவரியைத் தவறாக இரண்டாம் வகையில் சேர்த்துவிட்டால் பரிசோதனையில் எல்லாம் நன்றாகவே ஓடும். ஓட்டையைக் கெட்டவன் ஒருவன் கண்டுபிடிக்கும்போதுதான் தெரியும்.

இன்னும் இரண்டு கடமைகள் உண்டு. கருவி எழுதப்போகும் பக்கங்களை நினைவகத்திலிருந்து நகராமல் ஆணியடித்து வைக்க வேண்டும். லைன் கிளியர் கொடுத்த பின் அந்தப் பாதையை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ள முடியுமா? அதுபோலத்தான். பிறகு, வேலை முடிந்தது என்று கருவி கொடுக்கும் மணியை உரிய விருந்தாளிக்கு மட்டும் கேட்கச் செய்ய வேண்டும். பிளாக் கருவியில் மணியடித்துப் பேசியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கையால் செய்து பார்க்க விரும்புபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கெர்னல் மூலநிரலிலேயே 'எம்-டிடிஒய்' என்று ஒரு மாதிரி டிரைவர் இருக்கிறது. உண்மையான கருவி எதுவும் இல்லாமல் சீரியல் கார்டுகளை உண்டாக்கும். மொத்தம் 24 போர்ட். ஒற்றைப் போர்ட் கார்டாகக் கேட்டால் 24, இரட்டையாகக் கேட்டால் 12. இத்தனை மிச்சம் இருக்கிறது என்று ஒரு கோப்பில் எண்ணாகவே காட்டும். வேறொரு கோப்பில் ஒரு அடையாள எண்ணை எழுதினால் ஒரு கார்டு பிறக்கும். அதை விருந்தாளிக்குக் கொடுத்தேன். அவர் தன் 16550 சீரியல் கார்டு என்று நம்பி ஏற்றுக்கொண்டார். இந்தக் கார்டு எதற்கும் இணைக்கப்படாதது. ஆகவே நான் அனுப்பிய எழுத்துகளை அப்படியே திருப்பி அனுப்பியது. அந்த நிரலைப் படிப்பது ஒரு பாடம். எட்டு முகவரிகளில் எதைத் தொட்டால் என்ன பதில் என்று வரிவரியாக இருக்கிறது. கெர்னலைத் தொகுக்க என் கம்ப்யூட்டருக்கு ஒரு முழுப் பிற்பகல் பிடித்தது. அவசரப்படாதவர்கள் செய்து பாருங்கள்.

கடைசியாக ஒன்று. ஸ்லாட் மாற்றிய அந்த நெட்வொர்க் கார்டை விருந்தாளிக்குக் கொடுத்து இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் விருந்தாளியைப் பட்டென்று நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினேன். கார்டு பேச மறுத்தது. கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்ட பிறகுதான் உயிர் வந்தது. காரணம், அந்தப் பழைய கார்டுக்குத் தன்னைத்தானே முழுசாகத் துடைத்துக்கொள்ளத் தெரியாது. முந்தைய விருந்தாளி விட்டுப்போன பாதி வேலை அதற்குள்ளேயே நின்றுவிட்டது. எனக்கு இது ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். பல பேருக்கு வாடகைக்கு விடும் இடத்தில் ஒருவரின் மிச்சம் அடுத்தவர் கையில் போய்ச் சேர்ந்தால்? அதனால்தான் நல்ல டிரைவர், ஒரு விருந்தாளி போனதும் கருவி எழுதிக்கொண்டிருப்பது முழுதும் நின்றதா என்று உறுதி செய்து, துடைத்து, அதன்பின்தான் பக்கங்களின் ஆணியைக் கழற்ற வேண்டும். வரிசை மாறக்கூடாது. வண்டியின் கடைசிப் பெட்டியில் 'எல்.வி.' பலகையைக் கண்ணால் பார்க்காமல் பாதை காலி என்று சொல்லக்கூடாதென்று எங்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்தார்கள். எஞ்சின் வந்து சேர்ந்துவிட்டது என்பதால் வண்டி முழுதும் வந்துவிட்டது என்று ஆகாது. பின்பாதி கழன்று பாதையிலேயே நிற்கலாம்.

நூலகப் புரோகிராம் இப்போது மெய்நிகர் கம்ப்யூட்டரில்தான் ஓடுகிறது. அதன் பிரதிகள் மூன்று வீடுகளில் இருக்கின்றன. எழுத்துக் குறியீட்டை அச்சிட்டுப் பார்த்து, எண் எண்ணாக யூனிகோடுக்கு மாற்றும் அட்டவணை தயாரிக்கத் தொடங்கியிருக்கிறேன். உயிர்மெய்யில் பாதி முடிந்திருக்கிறது. உதவ முன்வரும் உறுப்பினர்கள் ஞாயிறு காலை நூலகத்துக்கு வரலாம். இந்த இதழின் உறைமேல் உள்ள முகவரிச் சீட்டும் அதே 1016-ஆம் முகவரி வழியாக வந்ததுதான். உங்கள் பின்கோடு தப்பாக இருந்தால் மெய்நிகரைக் குறை சொல்லாதீர்கள், 1996-லிருந்தே அப்படித்தான் இருக்கிறது. ஒரு கார்டு போட்டால் திருத்திவிடுகிறேன்.